யார் கை முழம்?

மயிலாப்பூர் மாட வீதியில் சாயங்காலம் 5 மணிக்கு மேல் போனால், ஏதாவது ஒரு பூக்கூடை முன்னால் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

"ரெண்டு முழம் குடும்மா."

பூக்காரம்மா சரத்தை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இழுப்பார். அங்கே பிடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு. நறுக்கிக் கொடுப்பார்.

"இது ரெண்டு முழமா? உன் கை என்ன இவ்வளவு குட்டையா இருக்கு?"

"என் கையாலதானேம்மா நான் அளக்க முடியும்?"

அபிராமபுரம், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டைப் பக்கமிருந்து கபாலி கோயிலுக்கு நடந்து வருகிறவர்களுக்கு இது பழகிப்போன வாக்குவாதம். சிரித்துக்கொண்டேதான் நடக்கும். கடைசியில் நாலு கண்ணி பூ கூடுதலாக வந்து சேரும், விஷயம் முடிந்துவிடும்.

ஆனால், அந்தக் கேள்வி லேசானதல்ல. கையால் அளப்பது சரி, யாருடைய கையால்? விரற்கடை, சாண், முழம், ஒரு கை, ஒரு பிடி, ஒரு சிட்டிகை என்று நம் பேச்சு முழுக்கக் கையளவுகள்தான். ஆங்கிலத்திலும் குத்துமதிப்பான கணக்குக்கு 'ரூல் ஆஃப் தம்', அதாவது கட்டைவிரல் விதி என்றுதான் பெயர். வானியல், மருத்துவம், சிற்பக்கலை எல்லாவற்றிலும் இன்றைக்கும் கையளவு உண்டு. அது எங்கே சரியாக வருகிறது, எங்கே காலை வாருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பதில் அந்த ஒரே கேள்வியில்தான் இருக்கிறது.

12 விரல் ஒரு சாண்

பழைய வாய்ப்பாடு இப்படிப் போகும்: 12 விரல் சேர்ந்தால் 1 சாண். 2 சாண் சேர்ந்தால் 1 முழம். விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை சாண். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை முழம். இன்றைய கணக்கில் ஒரு முழம் சுமார் 45 செ.மீ.

சுமார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குட்டையான கைக்கு முழம் 40 செ.மீ.யை ஒட்டி இருக்கும். உயரமானவருக்கு 50 செ.மீ.யைத் தொடும். 4 முழம் பூ வாங்கினால் இந்த இரண்டு கைகளுக்கும் நடுவே வித்தியாசம் 40 செ.மீ. கிட்டத்தட்ட ஒரு முழமே காணாமல் போய்விடும்.

இப்போது உங்கள் சாணால் உங்கள் முழத்தை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 2 சாண் வரும். உங்கள் வீட்டில் 6 வயதுக் குழந்தை இருந்தால், அதன் சாணால் அதன் முழத்தை அளக்கச் சொல்லுங்கள். அங்கேயும் ஏறக்குறைய 2தான். கையின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே உடம்புக்குள் இருக்கும் விகிதம் அவ்வளவாக மாறாது. கையளவு விதிகளில் நன்றாக வேலை செய்பவை எல்லாம் இந்த விகிதத்தைத்தான் நம்பியிருக்கின்றன.

கல்லில் வெட்டிய கோல்

பூவில் ஒரு சாண் குறைந்தால் சிரிப்போடு போய்விடும். நிலத்தில் குறைந்தால்? வரி கட்டுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் கை ஒரே நீளமாகவா இருக்கும்?

சோழர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். முதலாம் ராஜராஜன் காலத்தில் நிலங்கள் பெரிய அளவில் அளக்கப்பட்டன. நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் கல்லில் கோடாகப் பொறித்து வைக்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. இப்படிப்பட்ட அளவுக்கோடுகளைப் பல பழைய கோயில்களில் இன்றும் பார்க்கலாம். 'இத்தனை சாண் கோல்' என்று பெயரில் கை இருக்கும். ஆனால், அளவு யார் கையிலும் இல்லை. சந்தேகம் வந்தால் கோலைக் கல்லில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அதே வேலையின் அடுத்த கட்டம் சென்னையில் நடந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன், பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியால் நிலத்தை அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு நேர்கோட்டை அளக்க 57 நாள்கள் ஆயின. வெயிலில் சங்கிலி எவ்வளவு நீள்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்து, இமயமலை வரை போன மாபெரும் நில அளவைக்கு இந்தக் கோடு அடித்தளம்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1956-ல் வந்த எடையளவுச் சட்டம் மீட்டர், கிலோகிராம் முறையை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. இப்போது நடைமுறையில் இருக்கும் 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அங்கீகரிக்கப்பட்ட அளவுகளில்தான் விலை சொல்ல வேண்டும் என்கிறது. துணிக்கடையில் கெஜம் போய் மீட்டர் வந்துவிட்டது. பாலுக்கு லிட்டர் வந்துவிட்டது. தொடுத்த பூ மட்டும் முழத்தைவிட்டு இறங்கவில்லை. சரம் நெருக்கமா, கலக்கமா, மொட்டா, மலர்ந்ததா என்று பார்த்துத்தான் நாம் பூ வாங்குகிறோம். நீளம் அந்தக் கணக்கில் ஒரு பகுதிதான். தினமும் ஒரே பூக்காரம்மாவிடம் வாங்குகிறவருக்கு அவருடைய கையே தராசு. நேற்றைய முழமும் இன்றைய முழமும் ஒரே கையில் அளந்தவை.

சிலைக்குள்ளேயே இருக்கும் அங்குலம்

கையளவை அழகாகப் பயன்படுத்துகிறவர்கள் நம் ஸ்தபதிகள். சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை செய்யும்போது, சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலைக் கீற்று ஒன்றை நறுக்குவார்கள். அதைக் கணக்காக மடித்து மடித்துப் பிரிவுகளைக் குறித்துக்கொள்வார்கள். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று அந்த ஓலையே சொல்லிவிடும்.

சிவன், திருமால் போன்ற முக்கியத் தெய்வங்களுக்கு 'உத்தம தசதாளம்' என்ற அளவுமுறை உண்டு. அதன்படி சிலையின் மொத்த உயரத்தை 124 சம பாகங்களாகப் பிரிப்பார்கள். ஒரு பாகம்தான் அந்தச் சிலைக்கு ஓர் அங்குலம். அங்குலம் என்றால் விரல். ஆனால், அது ஸ்தபதியின் விரல் கிடையாது, அந்தச் சிலையின் விரல். அதனால்தான் உள்ளங்கையில் வைக்கும் சிலையும் ஆளுயரச் சிலையும் ஒரே இலக்கணத்தில் அமைகின்றன. யார் கை என்ற கேள்விக்கு, எதைச் செய்கிறோமோ அதன் கை என்று பதில் சொல்லியிருக்கிறார்கள்.

வானத்துக்கு ஒரு பிடி

வானத்தை அளக்கவும் கை போதும். கையை முழுவதுமாக முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சுண்டுவிரலின் அகலம் வானத்தில் சுமார் 1 டிகிரி. நடுவில் உள்ள மூன்று விரல்களும் சேர்ந்து 5 டிகிரி. மூடிய கையின் அகலம் 10 டிகிரி.

சின்னக் குழந்தை செய்தாலும் கிட்டத்தட்ட இதே விடைதான் வரும். குழந்தையின் விரல் சிறியது. ஆனால், கையும் குட்டை என்பதால் விரல் கண்ணுக்கு அருகில் இருக்கும். விகிதம் கணக்கைச் சரிசெய்துவிடுகிறது.

இதை வைத்து நம் ஊர் பூமியில் எங்கே இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் இங்கே வடக்குத் தொடுவானத்துக்கு மேல் 13 டிகிரி உயரத்தில் தெரியும். மூடிய கை ஒன்று, அதன் மேல் இரண்டு விரல்கள், அவ்வளவுதான். இந்தியப் பெருங்கடலில் கப்பல் ஓட்டிய அரபு மாலுமிகள் இப்படி நட்சத்திர உயரத்தை அளந்துதான் கரையைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய அளவுக்குப் பெயர் 'இஸ்பா'. அரபியில் விரல் என்று அர்த்தம்.

அடுத்த பௌர்ணமிக்கு பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போனால் இன்னொரு சோதனை செய்யலாம். கடலிலிருந்து எழும் நிலா தாம்பாளம் மாதிரி பெரிதாகத் தெரியும். நீட்டிய கையின் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள். முழுசாக மறைந்துவிடும். நடுராத்திரி தலைக்கு மேல் 'சின்னதாகிவிட்ட' நிலாவையும் அதே விரலால் மறைத்துப் பாருங்கள். நிலா இரண்டு முறையும் அரை டிகிரிதான். பெரிதாகத் தெரிந்தது நம் மூளையின் வேலை.

இணையத்தில் சுற்றும் ஒரு விதி மட்டும் நம் ஊருக்குப் பொருந்தாது. மாலையில் சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் நடுவே எத்தனை விரல் கொள்கிறதோ, விரலுக்கு 15 நிமிடம் என்று கணக்கிட்டால் சூரிய அஸ்தமனம் எப்போது என்று தெரியும் என்பார்கள். ஐரோப்பாவின் வட பகுதியில் சூரியன் சாய்வாக, மெதுவாக இறங்கும். அங்கே இது ஓரளவு சரி. சென்னையில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. இங்கே விரலுக்கு 7, 8 நிமிடம்தான். 4 விரல் இருக்கிறதே, இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கும் என்று நம்பினால் அரை மணியில் இருட்டிவிடும். யார் கை என்று கேட்பதுபோல, எந்த ஊர் விதி என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று முக்கியம்: சூரியனை எப்போதும் நேராக உற்றுப் பார்க்கக் கூடாது.

தீக்காயத்துக்கு யார் உள்ளங்கை?

இந்தக் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டதாக மாறும் இடம் மருத்துவம்.

தீக்காயம் பட்டவருக்கு உடம்பில் எத்தனை சதவிகிதம் பாதிப்பு என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சை தொடங்குகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் உள்ளதுபோன்ற தீக்காயப் பிரிவுகளில் இது முதல் கேள்விகளில் ஒன்று. சிதறலாகப் பட்ட காயத்தை அளக்க மருத்துவர்கள் கையாளும் எளிய வழி இது: விரல்களைச் சேர்த்துவைத்த உள்ளங்கைப் பக்கம் முழுவதும், உடம்பின் மேல்பரப்பில் சுமார் 1 சதவிகிதம்.

யாருடைய கை? நோயாளியின் கை. இதைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. வெந்நீர் கொட்டிய 5 வயதுக் குழந்தையின் காயத்தை அம்மா தன் கையால் ஒப்பிட்டு, "என் கை அளவுக்கு நாலு இடம்" என்று போனில் சொன்னால், கேட்கிறவர் 4 சதவிகிதம் என்று நினைத்துக்கொள்வார். 5 வயதுக் குழந்தையின் உடல் பரப்பு பெரியவர்களுடையதில் பாதிக்கும் குறைவு. அப்படியென்றால் உண்மையான பாதிப்பு 8, 9 சதவிகிதம். குழந்தைகளுக்கு 10 சதவிகிதத்தைத் தாண்டினாலே நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். அளந்த கை மாறியதால், கவலைப்பட வேண்டிய காயம் சின்னதாகத் தெரிந்துவிடுகிறது.

வீட்டில் நினைவில் வைத்துக்கொள்ள: பாதிக்கப்பட்டவரின் கை அளவைவிடக் காயம் பெரிதாக இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் பட்டால் சிறியதாக இருந்தாலும் போக வேண்டும். முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காயத்தின் மேல் ஓடவிடுங்கள். ஐஸ், டூத்பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதுவும் வேண்டாம். பெரிய காயம் என்றால் 108-ஐ அழையுங்கள்.

தோல் மருத்துவத்திலும் ஒரு விரல் கணக்கு இருக்கிறது. "மெலிசா தடவுங்க" என்று சொன்னால் ஒருவர் கடுகளவு தடவுவார், இன்னொருவர் சப்பாத்திக்கு வெண்ணெய் மாதிரி அப்புவார். 1991-ல் பிரிட்டன் தோல் மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பெரியவரின் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் கோடு வரை களிம்பைப் பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கைகள் அளவுள்ள இடத்துக்கு அது போதும். குழந்தைக்குத் தடவும்போதும் பெரியவரின் விரல், பெரியவரின் உள்ளங்கை என்றே கணக்கு. விரலும் உள்ளங்கையும் ஒரே ஆளுடையதாக இருப்பதால் விகிதம் கெடுவதில்லை. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளுக்கு இந்த அளவு மிக முக்கியம். அவற்றை மருத்துவர் சொல்லாமல் முகத்துக்குத் தடவவே கூடாது.

கட்டைவிரல் வேண்டாம்

நாடி பிடிக்கும்போது செவிலியர்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும்தான் வைப்பார்கள். சித்த மருத்துவர்கள் மோதிர விரலையும் சேர்த்து மூன்று விரல்கள் வைப்பார்கள். கட்டைவிரலை வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் எளிது. கட்டைவிரலிலேயே துடிப்பு நன்றாகத் தெரியும். நோயாளியின் நாடியை எண்ணுவதாக நினைத்துக்கொண்டு நம் நாடியையே எண்ணிவிடுவோம். இங்கேயும் யார் கை என்பதுதான் சிக்கல்.

நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்ப்பதும் இதே வகை. நம் கைக்கும் நெற்றிக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான் தோல் உணர்கிறது. பாத்திரம் தேய்த்துவிட்டு வந்த குளிர்ந்த கைக்கு எல்லா நெற்றியும் சுடும். "சுடவில்லை" என்று அம்மாவின் கை சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். "சுடுகிறது" என்று சொன்னால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பாகுப் பதம் தெரிந்த விரல்

அடுப்பங்கரையில் மட்டும் கைக்கு ஒரு தனி மரியாதை. வடித்த சாதத்துக்கு நம் பாட்டிகள் தண்ணீரை அளந்ததே இல்லை. ஒரு பருக்கையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்குவார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி புள்ளியியல் பாடத்தில் வரும் மாதிரி எடுத்தல்தான். கொதிக்கும் பானையில் அரிசி சுழன்று கலந்துகொண்டே இருப்பதால், எந்தப் பருக்கையை எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். குக்கரின் அடுக்குப் பாத்திரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே அரிசி அசையாமல் கிடக்கிறது. அதனால்தான் குக்கருக்கு டம்ளர் அளவு தேவைப்படுகிறது.

பாகுப் பதம் இன்னும் சுவாரஸ்யம். மைசூர்பாகுக்குச் சர்க்கரைப் பாகை இரண்டு விரல்களுக்கு நடுவே தொட்டு இழுத்தால் ஒரு கம்பி வர வேண்டும். சமையல் நூல்கள் இந்தக் கம்பிப் பதத்துக்கு 106 முதல் 112 டிகிரி செல்சியஸ் என்று சொல்கின்றன. ஆனால், அது சென்னை மாதிரி கடல் மட்டத்தில் இருக்கும் ஊருக்கான எண். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். பாகும் அதேபோல 7 டிகிரி முன்னதாகவே பதத்துக்கு வந்துவிடும். தெர்மாமீட்டரில் 110 வரட்டும் என்று காத்திருந்தால் பாகு முற்றிப்போகும். விரல் வெப்பத்தைப் பார்ப்பதில்லை, பாகின் கெட்டித்தன்மையை நேராகவே பார்க்கிறது. அதனால் மலையேறினாலும் விரல் சொல்வது மாறாது. கம்பி ஒன்றா இரண்டா என்று தெரிய, கை பெரிதாக இருக்க வேண்டியதும் இல்லை. பழகியிருந்தால் போதும். கைப்பக்குவம் என்று நாம் சொல்வது அந்தப் பழக்கத்தைத்தான்.

எண்ணும்போது எல்லா கையும் ஒன்று

அளப்பதில் இவ்வளவு சிக்கல் இருக்கிறது. எண்ணுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. மார்கழியில் டி.டி.கே. சாலை மியூசிக் அகாடமியில் உட்கார்ந்து பாருங்கள். மேடையில் ஆதி தாளம் போனால் அரங்கில் பாதிப் பேர் தொடையில் தாளம் போடுவார்கள். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் 8. பாட்டியின் விரலும் பேத்தியின் விரலும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணில் நிற்கும். ஒரு கையின் நான்கு விரல்களில் விரலுக்கு மூன்று பகுதி என்று கட்டைவிரலால் தொட்டு எண்ணினால் 12. இதை 9 முறை செய்தால் 108. ஜெபமாலை இல்லாதவர்களுக்கு இதுவே மாலை.

அரசியலும் சினிமாவும் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் இருந்து இரட்டை இலைக்கு இரண்டு விரல். உதயசூரியனுக்கு ஐந்து விரல். காங்கிரஸுக்குக் கையே சின்னம். 2002-ல் 'பாபா' வந்தபோது, நடுவிரலையும் மோதிர விரலையும் கட்டைவிரலோடு சேர்த்து மடக்கிய அந்த முத்திரையைக் காட்டாத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இல்லை. கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் விரல் எண்ணிக்கை தெரியும். யார் கை காட்டினாலும் அர்த்தம் மாறாது.

கை பெயராக மாறியபோது

யார் கை என்ற கேள்வியை அப்படியே திருப்பிப் போட்டது கைரேகை. 1858-ல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவர் பின்னால் பேச்சு மாறக் கூடாது என்று அவருடைய உள்ளங்கையை மையில் தொட்டுப் பத்திரத்தில் பதிய வைத்தார். 1897-ல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பிரிவு தொடங்கியது. லட்சக்கணக்கான ரேகைகளிலிருந்து ஒன்றைத் தேடி எடுக்கும் வகைப்பாட்டு முறையை உருவாக்கியதில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால், அந்த முறை அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரில்தான் உலகம் சுற்றியது.

ரேகை கருவிலேயே, 5-வது மாதம் முடிவதற்குள் உருவாகிவிடுகிறது. ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்களுக்கும் வேறு வேறு. அதனால் இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை என்று தோன்றும். கையெழுத்துப் போடத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று கேலி செய்த ஊரில், இன்று சிம் கார்டு முதல் ரேஷன் வரை படித்தவர்களும் கைநாட்டு வைக்கிறார்கள்.

ஆனால், ரேகை மாறாவிட்டாலும் தோல் தேயும். வயதானால் தோல் உலர்ந்து மடிப்பு விழும். சிமென்ட் கலக்கிய கை, செங்கல் சுமந்த கை, நாலு வீட்டில் சோப்புத் தண்ணீரில் பாத்திரம் தேய்த்த கை, இவற்றில் வரிகள் மழுங்கிவிடும். புற்றுநோய்க்குத் தரப்படும் கேப்சிடபைன் என்ற மாத்திரையால் சிலருக்கு ரேகை மறைந்துபோவதும் உண்டு. சிங்கப்பூரைச் சேர்ந்த நோயாளி ஒருவரை இதனால் அமெரிக்க விமான நிலையத்தில் நிறுத்தி வைத்தது 2009-ல் மருத்துவ இதழில் பதிவானது.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 முதல் விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை இருக்கிறது. அபிராமபுரத்து அடுக்குமாடி வீடுகளில் வேலை முடித்துவிட்டு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கும், பேரனைத் துணைக்கு அழைத்து வரும் தாத்தாவுக்கும் அந்தச் சின்னக் கண்ணாடி 'பொருந்தவில்லை' என்று சொல்வது புதிதல்ல. அதிகம் உழைத்த கைதான் அதிகம் தேய்ந்திருக்கிறது. இயந்திரம் அந்தக் கையைத்தான் அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்புகிறது.

அந்த நிலையில் வெறும் கையோடு வீட்டுக்குத் திரும்பத் தேவையில்லை. அங்க அடையாளம் பொருந்தவில்லை என்பதற்காக ஒருவருக்குச் சேர வேண்டிய பயனை மறுக்கக் கூடாது என்பதை 2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. ஆதார் ஆணையமும் 2017 அக்டோபரிலேயே ரேஷன் போன்ற திட்டங்களுக்கு மாற்று வழி வைத்திருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது.

நடைமுறையில் செய்யக்கூடியவை இவை. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள். ரொம்ப உலர்ந்த தோலாக இருந்தால் முதல் நாள் இரவே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். ஒரு விரல் பொருந்தாவிட்டால் 10 விரல்களையும் முயன்று பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒன்று பொருந்தும். எந்த விரல் பொருந்துகிறது என்று குறித்துவைத்துக்கொண்டால் அடுத்த மாதம் சிரமம் இல்லை. கருவிழி ஸ்கேன் இருக்கிறதா என்று கேளுங்கள். குடும்ப அட்டையில் பெயர் உள்ள வேறு ஒருவர் போய் ரேகை வைத்தாலும் பொருள் வாங்கலாம். கடைக்கு வரவே முடியாத முதியவர்கள், வேறு ஒருவரை நியமித்து அங்கீகாரப் படிவம் கொடுக்க முடியும். முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்டில் தொடங்கியது. ரேகை அடிக்கடி தவறினால் ஆதார் மையத்தில் விரல் பதிவைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. பொருள் தர மறுத்தால் 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தேய்ந்துபோன விரலோடு யாராவது இருந்தால், இந்த மாத ரேஷனுக்கு முன்னால் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்தால் முதல் முறை கூடவே போய், எந்த விரல் பொருந்துகிறது என்று பார்த்து அட்டையின் உறையில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.